இருபுறமும் தேய்ந்த வில்

"சந்தையில ஒரு பழைய வில்லு விலைக்கு வந்திருக்கு. செத்துப்போனவரோடதுன்னு கடைக்காரர் சொல்றாரு. அது என் தம்பியோடது இல்லைன்னு நீங்க பார்த்துச் சொல்லணும்."

மியோங்சுக் குடையை மடக்காமலே அறைக்குள் வந்து நின்றாள். தரையெல்லாம் ஈரம். டாக்சி ஓட்டும் டோ கில்மோ எழுந்து குடையை வாங்கிக்கொண்டான். சவாரி கிடைக்காத நாட்களில் அவனுக்குப் புகலிடம் பியோ இன்ரானின் இந்த அறைதான். இன்ரான் ஒரு காலத்தில் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. பதினைந்து வருடமாக அம்பு எய்பவள். பழைய வில் வாங்குகிறவர்கள் ஏமாறாமலிருக்க அவளை அழைத்துப் போவார்கள்.

"தம்பி எப்போ போனாரு?" என்றாள் இன்ரான்.

"மூணு வருஷமாச்சு. வில்லை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனான். ஒரு கடிதாசி இல்லை, போன் இல்லை."

"சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லை," என்று சொல்லிவிட்டு மியோங்சுக் ஜன்னலைப் பார்த்தாள்.

கொரியாவின் ஆன்டாங் நகரத்துப் பழைய சந்தையின் கோடியில் குவாக்கின் கடை இருந்தது. குவாக் மெலிந்த மனிதர். வில்லைத் துணியோடு மேசைமேல் வைத்துவிட்டு, விலையைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டுல சூட்டுப் பெட்டி இருக்கா? இல்லாட்டி நான் விக்கிறதா இல்லை."

கொம்பையும் நரம்பையும் மீன்பசையால் ஒட்டிச் செய்த வில் அது. மழைக்காலத்தில் பசை இளகிவிடும். அதனால் வில்லாளிகள் இளஞ்சூடான மரப்பெட்டிக்குள் வைத்துத்தான் அதைக் காப்பாற்றுவார்கள்.

"இருக்கு," என்றாள் மியோங்சுக். "இப்பவும் சூடாத்தான் இருக்கு."

இன்ரான் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுக் குவாக்கிடம் திரும்பினாள். "யாரோட வில்லு?"

"பேரு தெரியாதுங்க. ஆளு செத்து ரெண்டு வருஷமாச்சு. அதுலேருந்து மூலையில கிடந்தது, யாரும் தொடலை. அஞ்சு லட்சம் வொன் குடுங்க, போதும்."

நாண் கழற்றிய வில் பிறைபோல் வளைந்து கிடந்தது. கில்மோ குனிந்து பார்த்தான். பிடிக்கு மேலே, அம்பு உரசிப் போகும் இடத்தில் நூலால் கட்டியிருந்த தோல்துண்டு தேய்ந்து பளபளத்தது. அவன் துள்ளினான்.

"உங்க தம்பி வலது கையால நாண் இழுக்கிறவர்தானே?"

"ஆமா."

"அப்ப அம்பு வில்லுக்கு வலப்பக்கம்தான் உரசணும். இங்க பாருங்க, இடப்பக்கம் தேஞ்சிருக்கு! இது இடக்கைக்காரன் வில்லு. உங்க தம்பியோடது இல்லவே இல்லை!"

மியோங்சுக் அங்கிருந்த அரிசி மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. குவாக் தேநீர் ஊற்றப் போனார். ஊற்றியதில் பாதி மேசையில் சிந்தியது.

"கில்மோ, உன் டாக்சி மாதிரியே உன் வாய்க்கும் பிரேக் இல்லை," என்றாள் இன்ரான். "வில்லைத் திருப்பு."

திருப்பினான். வலப்பக்கத்திலும் ஒரு தோல்துண்டு இருந்தது. கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்த பழைய தோல்.

"ரெண்டு பேர் வச்சிருந்திருப்பாங்க அக்கா. முதல்ல ஒரு வலக்கைக்காரர், அப்புறம் ஒரு இடக்கைக்காரர்."

"ரெண்டு தோலையும் கட்டின நூலோட முடிச்சைப் பாரு. ரெண்டு சுத்து, ஒரு மடிப்பு, உள்ளே இழுத்து விட்டிருக்கு. ரெண்டும் ஒரே கை போட்டது. ஒரே ஆளுதான், பல வருஷம் வலது கையால எய்ததுக்கப்புறம் இடது கைக்கு மாறியிருக்கான்."

அவள் வில்லின் மேல்தண்டைத் தடவினாள். வில்லைப் போர்த்தியிருந்த பூர்ச்ச மரப்பட்டைக்கு அடியில், மெல்லிய விரிசலைச் சுற்றி நரம்பு இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"சரியாச் சூடேறாத வில்லுல நாண் ஏத்தினா தண்டு முறுக்கிக்கிட்டுப் புரளும். அப்போ விழற விரிசல் இது. நாண் ஏத்துறவன் முகம் வில்லுக்கு ஒரு சாண் தூரத்துல இருக்கும், புரண்டா நேரா அங்கதான் அடிக்கும். விரிசலாலயே இதோட மதிப்பு ஒன்றரை லட்சத்துக்கு மேல போகாது. ஆனா நான் கேட்கிறது வேற. பழகின கையை ஒருத்தன் ஏன் மாத்தறான்? இழுக்கிற கைப் பக்கத்துக் கண்ணாலதான் குறி பார்ப்போம். அந்தக் கண்ணு போனாத்தான் கையை மாத்தணும்." இன்ரான் நிமிர்ந்தாள். "அம்மா, உங்க தம்பிக்கு எந்தக் கண்ணு போச்சு?"



"வலது," என்றாள் மியோங்சுக். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அப்ப இது அவனோடதுதான். செத்துட்டானா? செத்து ரெண்டு வருஷமாச்சா?"

கில்மோவுக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்பவேண்டும் போலிருந்தது.

"இல்லை," என்றாள் இன்ரான். "ரெண்டு வருஷம் நாண் ஏத்தாத வில்லு ரெண்டு நுனியும் ஒண்ணு மேல ஒண்ணு ஏற வளையமாச் சுருண்டு போயிடும். இது பிறையா விரிஞ்சு கிடக்கு. நாலஞ்சு நாளைக்குள்ள யாரோ இதுல அம்பு விட்டிருக்காங்க. குவாக் ஐயா, வில்லுக்கு ஆள் தேடுற நீங்க, விலைக்கு முன்னாடி சூட்டுப் பெட்டியைக் கேட்டீங்க. செத்தவன் கேக்கச் சொல்லுவானா?"

குவாக் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அவன்தாங்க அப்படிச் சொல்லச் சொன்னான். செத்துட்டான்னா யாரும் ஆளைத் தேட மாட்டாங்களாம். நாலு நாள் முன்னாடி வரைக்கும் என் மாடியிலதான் குடியிருந்தான், இப்போ அணைக்கட்டுப் பக்கம் வேலை. நாண் ஏத்தறப்போ மறுமுனையை நான்தான் பிடிப்பேன். ரெண்டு மழையைக் கம்பளியில சுத்தி ஓட்டிட்டான். இந்த மழைக்கு வில்லு தாங்காது, பெட்டி இருக்கிற வீட்டுக்குக் குடுத்துருங்கன்னான்."

"உயிரோட இருக்கான்," என்று மியோங்சுக் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இன்ரான் அவளருகில் அமர்ந்தாள். "வீட்டுல வில்லு இல்லாம மூணு வருஷமா அந்தப் பெட்டியை எதுக்குச் சூடா வச்சிருக்கீங்க?"

மியோங்சுக் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டியோட பிளக்கை நான்தான் பிடுங்கினேன். மிளகாய் ஈரமா இருந்தது, பூஞ்சை பிடிக்கப் பார்த்துச்சு. உலர்த்தற மெஷினுக்கு வேற பிளக் இல்லை. ராத்திரி பூரா பெட்டி ஆறிக் கிடந்தது. விடியறப்போ திரும்ப மாட்டி வச்சேன். விளக்கு எரியறதைப் பார்த்து, வில்லு காய்ஞ்சிருக்குன்னு நினைச்சு நாண் ஏத்தினான். ஆஸ்பத்திரியில, 'என் கைதான் தப்பு பண்ணிடுச்சு அக்கா'ன்னு சொன்னான். நான் வாயைத் திறக்கலை. அதுலேருந்து அந்தப் பெட்டியை ஒருநாள்கூட அணைச்சதில்லை."

குவாக் கைப்பேசியை எடுத்தார். வாசல்பக்கம் போய்த் தணிந்த குரலில் பேசினார். மியோங்சுக் சொன்னதை அவர் ஒன்றுவிடாமல் சொல்வது கில்மோவுக்குக் கேட்டது. பிறகு அவர் வெறுமனே காதில் வைத்துக்கொண்டு நின்றார். கூரையிலிருந்து தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

குவாக் திரும்பினார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"அவனுக்கு ஆஸ்பத்திரியிலயே தெரியுமாம். காலையில பெட்டிப் பக்கம் மிளகாய் நெடி அடிச்சது ஏன்னு அங்கதான் புரிஞ்சுதாம். நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு மாசம் பார்த்தானாம்."

மியோங்சுக் தலையை நிமிர்த்தவில்லை.

"இன்னும் லைன்லதான் இருக்கான். ஒண்ணு கேக்கச் சொல்றான்." குவாக் கைப்பேசியை அவளிடம் நீட்டினார். "அன்னிக்கு மிளகாயாவது நல்லா காஞ்சுதான்னு கேக்கறான்."