உருள இடம் வேண்டும்

பதினான்கு உருப்படி போட்டாள். பதினைந்து வந்தது.

சல்லடையில் கொட்டிய உருக்குக் குண்டுகளுக்கு நடுவே அவள் கையால் செய்த வளையங்களும் தொங்கட்டான்களும் கண்ணைப் பறித்தன. ஓரத்தில், துணியில் தைக்கிற சின்னக் கொக்கி ஒன்றும் கிடந்தது. அதுவும் கண்ணாடி போல மின்னியது. பழைய குண்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று எடுத்து ஓரமாக வைத்தாள்.

நகைகளைக் குண்டுகளோடு உருட்டி மெருகேற்றும் அந்த டம்ளர் மெஷினை அவள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. ஒரு மாதம் அலசினாள். அதிர்ந்து மெருகேற்றும் வகை சீக்கிரம் வேலையை முடிக்கும், ஆனால் வீட்டையே இரண்டாக்கும். உருளும் வகை நிதானம். ரப்பர் உருளை என்பதால் சத்தமும் குறைவு. அக்கா ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அடுத்த அறையில்தான் அவள் கட்டில்.

"தண்ணி குடிக்கிற டம்ளர் வாங்குறதுக்குக்கூட ஒரு மாசமாடி?" என்று அக்கா கேலி செய்தாள்.

கடைசியில் ஒரு வீட்டில் பழையது கிடைத்தது, குண்டுகளோடு சேர்த்து. விற்ற பெண் வாசலிலேயே நின்றுகொண்டு பேசினாள்.

"எங்க நாத்தனாரோடது. பாதிக்கு மேல நிரப்பாதீங்க, உருள எடம் வேணும். எண்ணிப் போடுங்க, எண்ணி எடுங்க. ஏதாவது கூட வந்தா வெச்சுக்காதீங்க, திரும்ப உள்ளயே போட்டுடுங்க."

"அவங்க இப்ப நகை செய்யறதில்லையா?"

"இல்ல." அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சத்தத்துக்குப் பயந்து பட்டறை அறையையும் அவளே அடைத்தாள். முன்பு சாமான் போட்டு வைத்த அறை அது; ஜன்னல் கிடையாது, மேலே திறக்க முடியாத ஒரு கண்ணாடி மட்டும். கதவைச் சுற்றிக் கம்பளிப் பட்டை ஒட்டினாள். மூடினால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு மயிரிழை நுழையாது. அக்கா அன்று முதல் நிம்மதியாகத் தூங்கினாள்.

இரண்டாவது முறை ஒரு மூக்குக்கண்ணாடித் திருகாணி கூடுதலாக வந்தது. மூன்றாவது முறை ஒரு காதுத் திருகு, நல்ல வெள்ளி. கொக்கியையும் திருகாணியையும் மேஜை மேல் ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். காதுத் திருகை அதில் போட மனம் வரவில்லை. வெள்ளித் துணுக்கை வீணாக்குவது அவள் ஜாதகத்திலேயே இல்லாத விஷயம். மற்ற துணுக்குகளோடு அதையும் உருக்கி, தட்டி, ஒரு சின்ன இலையாக்கித் தன் கழுத்துச் சங்கிலியிலேயே கோத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம், அக்கா வந்து படுத்திருப்பாள் என்று கதவை மூடிக்கொண்டு, உருளையில் நகைகளையும் குண்டுகளையும் போட்டு, அவை மூழ்கத் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மூடியின் நட்டை முறுக்கினாள். முறுக்கும்போதெல்லாம் ரப்பர் 'கிறீச்' என்று ஒரு தரம் கத்தும். அது அவளுக்குப் பழகிய சத்தம். சுவிட்சைப் போட்டதும் உருளை சோம்பலாகத் திரும்ப ஆரம்பித்தது. உள்ளே குண்டுகள் சரிந்து ஏறி, ஏறிச் சரிந்து, தூரத்தில் யாரோ சரளைக்கல் மேல் நிற்காமல் நடப்பது போல ஒலித்துக்கொண்டிருக்க, சோப்பு வாசனையும் ஈர இரும்பு வாசனையும் மூடிய அறைக்குள் மெல்ல மெல்லத் திரண்டு அவள் தொண்டையில் வந்து உட்கார்ந்தன.

ஒரு மணி நேரம் கழித்து சுவிட்சை அணைத்தாள். உருளை நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினாள். உருளை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அசையவே இல்லை. சரளைக்கல் நடை மட்டும் தொடர்ந்தது. சுவரில் காதை வைத்தாள். சுவருக்குள்ளிருந்து வந்தது.

கதவை இழுத்தாள். வரவில்லை. ஈரத்தில் கம்பளி உப்பியிருக்கும் என்று காலை நிலையில் ஊன்றி இழுத்தாள். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

அப்போது வெளியே ஒரு பெண் குரல், தனக்குத் தானே பேசுவது போல:

"கொக்கி ஒண்ணு. திருகாணி ஒண்ணு."

"அக்கா! கதவு மாட்டிக்கிச்சு, தள்ளுக்கா!"

மேஜையில் போன் அடித்தது. அக்கா.

"ஏய், நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். மாத்து ஆள் வரல. எனக்காக சாப்பிடாம காத்திருக்காத."

கதவுக்கு அப்பால் குரல் நிதானமாக எண்ணியது.

"காதுத் திருகு..." ஒரு தேடல். "ஒண்ணு குறையுதே."

கழுத்துச் சங்கிலியை அறுத்தாள். இலையைக் கதவடியில் தள்ளப் பார்த்தாள். இடுக்கு இல்லை. பக்கவாட்டில் இல்லை. மேலே இல்லை. எங்குமே இல்லை. தன் கையாலேயே அடைத்தது.

உள்ளயே போட்டுடுங்க. விற்றவள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் உருளையின் நட்டைத் திருகி மூடியைப் பிடுங்கினாள். டப்பாவைக் கவிழ்த்தாள். கொக்கியும் திருகாணியும் அதில் இல்லை. இலையை மட்டும் தண்ணீருக்குள் போட்டாள்.

"போட்டுட்டேன். போட்டுட்டேங்க. விட்டுடுங்க."

வெளியே குரல் கதவருகே வந்தது.

"இது என்னுது இல்ல."

பிறகு, பெரிதாக, கதவின் நாலு ஓரத்திலிருந்தும்: கிறீச்.

"என்னடி சத்தம்?" போனில் அக்கா. "மெஷின் ஓடுதா?"

"அக்கா, நீ வராத. வந்தாலும் கதவைத் தொறக்காத—"

காலில் சில்லென்றது. தரை முழுக்கத் தண்ணீர். வெதுவெதுப்பில்லை, அழுக்கில்லை, நுரையோடு, சோப்பு வாசனையோடு. முழங்கால். தொடை. மேஜை மிதந்தது. போன் நழுவி விழுந்து, அக்காவின் குரல் குமிழியாகி அடங்கியது. கத்தினாள். கம்பளி நன்றாகவே வேலை செய்தது.

தண்ணீர் மார்பு வரை ஏறியது. அங்கே நின்றது.

அண்ணாந்து பார்த்தாள். அறையில் சரிபாதி காலியாக இருந்தது.

அவள் ஒரு கை தானாகப் போய்த் தன் காதுத் திருகைப் பொத்திக்கொண்டது. காலடியில், எங்கிருந்தோ வந்த உருக்குக் குண்டுகள் ஒன்றாக ஒரு பக்கம் நகர்ந்தன.

தரை, சோம்பலாக, சாய ஆரம்பித்தது.