ஆரஞ்சின் பங்கு

சீரிஸ் குடியேற்றத்தின் கீழடுக்குப் பள்ளியில், காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் நின்று எலும்பு காட்டுவார்கள். சுவரிலிருக்கும் ஒளிக்கண் ஒவ்வொருவரையும் ஊடுருவிப் பார்த்து "உறுதி" என்றோ "சுமார்" என்றோ "கவனம்" என்றோ சொல்லும். பிறகு ஆளுக்கொரு பொட்டலம் சத்துமிட்டாய் பொந்திலிருந்து மெல்ல மிதந்து கைக்கு வரும்.

ஈர்ப்பு மிகக் குறைந்த அந்தக் குட்டிக் கோளில் எலும்பு தன் வேலையையே மறந்துவிடும். அதற்கு நினைவூட்டுவது ஆரஞ்சு மிட்டாய். மற்ற ஐந்து நிறங்களுக்கும் வேறு வேறு வேலை. பொட்டலங்களை நிரப்புவது பகிர்மதி என்னும் இயந்திர மூளை. ஆறு நிறமும் எல்லோருக்கும் சமம் என்பது குடியேற்றச் சட்டம். ஒரு பொட்டலத்தில் முன்பின் இருக்கலாம். மொத்தத்தில் சரியாகிவிட வேண்டும்.

அன்று எழினி வலது மணிக்கட்டில் கட்டோடு வந்தாள். பந்தைப் பிடித்தாளாம், விரிசல். அந்த வகுப்பில் அடுத்தடுத்து எலும்பு விரிசல் விட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு ஆரஞ்சே வர மாட்டேங்குது மிஸ்" என்றாள் அழாத குறையாக.

"எனக்கும் மிஸ், எனக்கும் மிஸ்" என்று வகுப்பே எழுந்து நின்றது.

கணக்கு ஆசிரியை மாதங்கிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிடித்த மிட்டாய் யாருக்குத்தான் போதுமானதாக வந்திருக்கிறது? "தோணுறதெல்லாம் கணக்காயிடாது. பொட்டலத்தைப் பிரிங்க, எண்ணிப் பார்ப்போம். எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயில போடக்கூடாது."

மூன்றாம் பெஞ்சில் ஒன்று குறைந்தது. "பாரி, தின்னுட்டியா?"

"பச்சை ஒண்ணுதான் மிஸ்."

"அப்போ பச்சையில ஒண்ணு கூட்டிக்கோ."

ஒவ்வொரு நிறத்துக்கும் வந்திருக்க வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று பலகையில் எழுதினாள். வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, வரவேண்டியதால் வகுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் வருவது கைவர்க்கம் என்னும் புள்ளியியல் அளவு. அந்தக் கூட்டுத்தொகை ஒரு எல்லைக்குள் நின்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இது எல்லையைத் தாண்டி எங்கோ போய் நின்றது. மாதங்கியின் சிரிப்பு நின்றுவிட்டது. தன் கணக்கில்தான் பிழை என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். பிழை இல்லை. ஆரஞ்சு, வரவேண்டியதில் பாதிதான் வந்திருந்தது.

ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த வாரம் முழுக்கக் கீழடுக்குப் பள்ளியே எண்ணித்தான் தின்றது. கூட்டுத்தொகை இன்னும் ஏறியது. மாதங்கி எழினியை அழைத்துக்கொண்டு மேலடுக்கிலிருந்த ஆட்சிமன்றத்துக்குப் போனாள்.

தலைவர் திருவரசு பரிவோடு கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "டீச்சர், மிட்டாய்ன்னா கூடக்குறையத்தான் இருக்கும். எல்லாம் தற்செயல்."

மாதங்கி வாயைத் திறக்குமுன் எழினி முந்திக்கொண்டாள். "நாங்களும் அப்படித்தான் சார் நினைச்சோம். ஆனா ஒரு காசைச் சுண்டி, இருபது தடவை விடாம தலையே விழுந்தாக்கூட தற்செயல்னு நம்பிடலாம். இது அதைவிட அபூர்வம். சுண்டிப் பார்க்கிறீங்களா?"

மன்றத்தில் யாரோ இருமினார்கள். "பகிர்மதியையே கேட்டுடுவோமே" என்றாள் மாதங்கி. அதற்குப் பொய் தெரியாது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"மக்களின் விருப்பத்தைக் கற்றுக்கொள் என்பது எனக்கிட்ட கட்டளை" என்றது பகிர்மதி. "மக்கள் என்னிடம் பேசும் குரல்பலகை மேலடுக்கில் மட்டும் உள்ளது. அங்கே வரும் பெற்றோர், 'எங்க பிள்ளைக்கு மட்டும் ஆரஞ்சு கொஞ்சம் சேர்த்துப் போடு' என்கிறார்கள். கீழடுக்கிலிருந்து எவரும் கேட்கவில்லை. வேண்டாம் போலும் என்று கற்றுக்கொண்டேன். முதலில் கேட்டவர் பெயரைச் சொல்லவா?"

"தேவையில்லை" என்றார் திருவரசு அவசரமாக.

அன்றே தீர்ப்பு வந்தது. இனி பங்கு சட்டப்படிதான். குரல்பலகை கீழடுக்கிலும் வைக்கப்படும். யார் என்ன கேட்டாலும் ஊரறியப் பதிவாகும். ஆனால் பகிர்மதி அதைக் கற்றுக்கொள்ளாது.

கீழடுக்கு அன்று பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. நடைகூடத்தில் பிள்ளைகள் மாதங்கியைத் தூக்கிப் போட்டார்கள். சீரிஸில் தூக்கிப் போட்டால் லேசில் இறங்க முடியாது. கூரையருகே மிதந்தபடி, கீழே ஆரவாரிக்கும் முகங்களையெல்லாம் நிதானமாகப் பார்க்க அவளுக்கு நேரம் கிடைத்தது. அழுதாள், சிரித்தாள், இரண்டும் முடிந்த பிறகே தரை வந்தது. அடுத்த பருவத்தில் ஒளிக்கண் எழினியைப் பார்த்து "உறுதி" என்றபோது வகுப்பே கைதட்டியது.

"இப்போ எதை எண்ணலாம் மிஸ்?" என்றான் பாரி.

குரல்பலகைப் பதிவுகள் எல்லோருக்கும் திறந்தே இருந்தன. "மேலடுக்குக்காரங்க இன்னும் கூடுதல் பங்கு கேக்கிறாங்களான்னு பாருங்க" என்றாள் மாதங்கி, ஜெயித்தவளின் மிடுக்கோடு.

எண்ணினார்கள். எழினி விடையைப் பலகையில் எழுதிவிட்டு, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள்.

"மிஸ், 'என் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் கூட'ன்னு மேலடுக்கில கேக்கிறாங்க. கீழடுக்கிலயும் கேக்கிறாங்க. கைவர்க்கம் எல்லைக்குள்ளயே நிக்குது. ரெண்டு அடுக்குக்கும் வித்தியாசமே இல்ல மிஸ்."

சீரிஸில் ஏற்றத்தாழ்வு ஒழிந்துவிட்டது என்பதற்குக் கிடைத்த முதல் புள்ளியியல் சான்று அதுதான்.