யானை கேட்டால் பூனை வந்தது

"மியாவ்!" என்றது கணினி.

அறையில் இருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்தார்கள். பட்டு நாக்கைத் துருத்திக்கொண்டு, எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தது 'யானை' என்றுதான். ஆனால் திரையில் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்ததோ ஒரு பூனை!

சுட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிக் கண்காட்சிக்காக அவள் பார்த்துப் பார்த்துச் செய்த விளையாட்டு அது. எந்த விலங்கின் பெயரை அடித்தாலும் அந்த விலங்கு வர வேண்டும். தங்கை பட்டு, ஒன்றாம் வகுப்பு மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். "எங்க அக்கா கம்ப்யூட்டர்ல எதைக் கேட்டாலும் வரும்!" என்று காலையிலிருந்து ஒரே பீற்றல்.

"நீ தப்பா அடிச்சிருப்பே. மீன்னு அடி," என்றாள் சுட்டி.

பட்டு அடித்தாள். "மியாவ்!"

'ஒட்டகம்' என்று அடித்தாள். அதற்கும் "மியாவ்!"

ஒன்றாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "உங்க அக்கா நல்லா புளுகுறாங்க!" என்றான் முன்பல் விழுந்த ஒரு பையன்.

பட்டுவின் உதடு பிதுங்கியது. "அக்கா, நீ பொய் சொன்னியா?"

சுட்டி அவள் பக்கம் குனிந்தாள். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். பட்டு இப்படிக் கேட்டால் எப்படித் தாங்குவது?

"ஐயையோ, இல்லடி! வீட்டுல ஒவ்வொரு தடவையும் சரியா வந்துச்சே!"

"வீட்டுல என்ன பேரு அடிச்சுப் பார்த்தே?" என்று கேட்டார் கணினி டீச்சர்.

"பூனை, டீச்சர்."

"அப்புறம்?"

"அப்புறமும்... பூனைதான்."

சுட்டிக்குப் பூனை என்றால் உயிர். அடித்ததும் பூனை, வந்ததும் பூனை. தப்பு எப்படிக் கண்ணில் படும்?

அவசர அவசரமாக நிரலைத் திறந்து பார்த்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. எல்லா விலங்குக்கும், அது எப்படி இருக்கும் என்று காட்டும் உருவ அச்சு வரைந்து வைத்திருக்கிறாள். கட்டளையில் மட்டும் 'பூனையை உருவாக்கு' என்று எழுதியிருக்கிறாள்! யார் எதைக் கேட்டாலும் அது காதில் வாங்கவே வாங்காது.

"அடக் கடவுளே! அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணி வச்சிட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வரியை அழித்தாள். 'பெயர் வரும்வரை காத்திரு. அந்தப் பெயருக்கான அச்சைத் தேடு. அதிலிருந்து உருவாக்கு' என்று மாற்றினாள்.

பட்டு மறுபடியும் 'யானை' அடித்தாள். தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு யானையே வந்தது! அறை அதிரக் கத்தினார்கள்.

"இப்போ என்னோட டும்டும்பா!" என்று பட்டு அடுத்த பெயரை அடித்தாள்.

பட்டென்று திரை இருண்டது. 'அச்சு இல்லை' என்று சிவப்பு எழுத்து மின்னியது.

"அப்படி ஒரு மிருகமே கிடையாது!" என்றான் பல் விழுந்தவன்.

"இருக்கு! என் கனவுல வரும்," என்று மூக்கை உறிஞ்சினாள் பட்டு.

'இல்லாததைக் கேட்டா எப்படிடி?' என்ற கேள்வி சுட்டிக்கு வாய்வரை வந்துவிட்டது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள். இதுவும் அதே தப்புதான். எனக்குத் தெரிந்த விலங்கை மட்டும்தான் கேட்பார்கள் என்று நானாக முடிவு கட்டிவிட்டேனே!

"கொஞ்சம் பொறு பட்டு," என்று படபடவெனத் தட்டினாள். "ம், இப்போ அடி."

திரையில் ஒரு பெரிய முட்டை உருண்டு வந்தது. 'நான் எப்படி இருப்பேன்? வரைந்து காட்டு' என்றது. சுட்டி அச்சு வரைந்த அதே வரைபலகை பக்கத்தில் விரிந்தது.

பட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு வரைந்தாள். ஏகப்பட்ட கால்கள், வாலில் ஒரு குடை. முட்டை படீரென்று உடைந்தது. டும்டும்பா குடையை விரித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது!

"அம்மாடியோவ்!" என்றான் பல் விழுந்தவன். "தள்ளு தள்ளு, அடுத்தது நான்!"

"பாத்தியா? எங்க அக்கா!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள் பட்டு.

அதன்பின் யானையை யார் சீண்டினார்கள்? எல்லோருக்கும் முட்டைதான் வேண்டும். கடைசியில் டீச்சரே வந்து உட்கார்ந்து 'பறக்கும் யானை' என்று அடித்தார். வியர்க்க விறுவிறுக்க வரைந்தும் முடித்தார். முட்டை உடைந்தது.

குட்டையான தும்பிக்கை, கூரான காது, நீண்ட வால். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அது அசல் பூனை!

எல்லோரும் சுட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள்.

"சத்தியமா இந்தத் தடவை நான் ஒண்ணுமே பண்ணலை, டீச்சர்!"