புளியங்கொட்டை ரசம்

1957இல் நாங்கள் பீளமேட்டில் குடியிருந்தோம். அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். மில்லில், தறியில் ஏற்றும் நூல் அறுந்துபோகாமல் இருக்கப் பசை காய்ச்சிப் பூசுவார்கள். அந்தப் பசை காய்ச்சுவது நைனாவின் வேலை. அன்று வீட்டில் இருந்த நான்கு பேரில் இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். இது என் தங்கை வெங்கடம்மாளின் கதை. அப்போது அவளுக்குப் பத்து வயது.

நைனா பக்கவாதத்தில் படுத்து, மெல்லத் தேறிக்கொண்டிருந்தார். ஆனால் தண்ணீராக எதைக் குடித்தாலும் புரையேறியது.

“கெட்டியாக் குடுங்க. தொண்டையில மெதுவா எறங்கும்” என்றார் டாக்டர்.

பத்து நாளாக ராகிக் கூழ். பதினோராம் நாள் நைனா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

“ரசம் இருந்தாக் குடு. இல்லீன்னா ஒண்ணும் வேண்டாம்.”

அம்மா ரசத்தில் அரிசிமாவைக் கரைத்துக் காய்ச்சினாள். நைனா ஒரு வாய் குடித்தார்.

“இதுல ரசம் எங்கே?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். மறுநாளும் சாப்பிடவில்லை. அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை.

வெங்கடம்மாள் கட்டிலருகே போய் நின்றாள்.

“ஏனுங்க நைனா, மில்லுல புளியங்கொட்டைப் பொடியிலதானே பசை காய்ச்சுவீங்க? அதை ரசத்துல போட்டா என்னங்க?”

“நைனா என்ன நூல்கண்டா?” என்றேன் நான்.

“ரசத்துல புளி போகலாம், கொட்டை போகக்கூடாதாக்கும்! நீயே அதை வறுத்துத் தின்னுபோட்டுத்தானே பள்ளிக்கூடம் வாரே, அண்ணா?”

கொட்டைகளை வறுத்துத் தோல் நீக்கி, உரலில் இடித்து, மெல்லிய துணியில் சலித்தாள்.

“எவ்வளவு போடட்டுங்க நைனா?”

“ஒரு செம்புக்கு ஒரு கைப்பிடி” என்றார் நைனா, யோசிக்காமலே.

கொதித்து ஆறியதும் பார்த்தால், ரசத்தில் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது!

நைனா எட்டிப் பார்த்தார். “அட, மில்லுக் கணக்கைச் சொல்லிப்போட்டேன்! இதை ஒரு தறி நூலுக்குப் பூசலாம் அம்மணி!”

அவர் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி அம்மாவும் சிரித்தாள்.

வெங்கடம்மாள் சிரிக்கவில்லை. புது ரசம் கேட்டு வாங்கினாள். இந்தத் தடவை ஒரு டம்ளர் ரசத்துக்குக் கால் ஸ்பூன் பொடிதான். தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டாள். போதவில்லை. இன்னொரு கால் ஸ்பூன். இப்போது ரசம் ஸ்பூனிலிருந்து தேன்போல வழிந்தது. நான் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தேன். மிளகும் பூண்டும் அப்படியே மணத்தன.

நைனா ஒரு வாய் விழுங்கினார். நாங்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

இருமல் வரவில்லை.

இன்னொரு வாய். அப்புறம் இன்னொன்று. டம்ளர் காலியானது.

“பெருங்காயம் கம்மி” என்றார் நைனா. “அடுத்த டம்ளர்ல சரி பண்ணிப்போடு கண்ணு.”