ஊறிப்போன மவுத் ஆர்கன்

கஜாலினி மவுத் ஆர்கனைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஊதிப் பார்த்தாள். சத்தமே வரவில்லை.

அப்பாவுக்குச் சளி. கிருமி போகட்டும் என்று, குட்டித் தம்பியின் பால் போத்தலைப் போடுவதுபோல அதையும் காலையிலேயே சுடுதண்ணீரில் போட்டிருந்தாள். உள்ளே இருந்த மரம் ஊறிப் பருத்து, துளைகள் அடைத்துவிட்டன.

அப்பா அம்பலவாணர் பஹ்ரைனின் மனாமா நகரில் ஒரு ஹோட்டலில் ப்ளூஸ் வாசிப்பவர். மனதில் கிடக்கும் பாரத்தை இறக்கி வைக்கிற பாட்டு அது. யாழ்ப்பாணத்தில் ரேடியோவில் கேட்டுத் தானே பழகினார். கொழும்பில் கல்யாண வீடுகளில் வாசித்தார். பிறகு பஹ்ரைன் வந்தார். கையில் கிட்டார், கழுத்துக் கம்பியில் மவுத் ஆர்கன். கிட்டார் கேள்வி கேட்கும், மவுத் ஆர்கன் பதில் சொல்லும். இரண்டு ஆள் வேலை, ஒரு ஆள் சம்பளம். ஹோட்டல்காரர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அன்று மாலை அப்பா வாசிப்பதைக் கேட்கப் புது மேனேஜர் வருகிறார். அவருக்குப் பிடித்தால்தான் விசா நீளும். இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரிலோ மறுபடி சண்டை தொடங்கியிருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ளுக்க மரமெல்லோ இருக்கு, பிள்ளை" என்றார் மெதுவாக.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது அவளுக்கு. அன்று வெள்ளிக்கிழமை, அங்கே விடுமுறை நாள்; இசைக்கடையும் பூட்டு.

"சூட்கேஸை இறக்கட்டோ?" என்றான் அண்ணன் லக்சன்.

கஜாலினி அழவில்லை. அழுதால் மரம் காயப்போவதில்லை. ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகள் செய்யும் ஒரு விளையாட்டு நினைவுக்கு வந்தது. அம்மாவின் சீப்பை எடுத்தாள். ஷூ பெட்டியில் இருந்த மெல்லிய தாளை அதன்மேல் மடித்து, உதட்டில் வைத்து, அப்பாவின் பாட்டை முனகினாள். தாள் அதிர்ந்து, பெரிய வண்டு பாடுவதுபோல ஒலித்தது.

லக்சன் வாயைப் பிளந்தான். அப்பா சீப்பை வாங்கிக் கழுத்துக் கம்பியில் மாட்டினார். கிட்டார் கேட்டது. சீப்பு பதில் சொன்னது.

அன்றிரவு அப்பா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். விசா நீண்டது. அது என்ன கருவி என்று மேனேஜர் கேட்டாராம். சீப்பு என்றதும் கிட்ட வந்து குனிந்து பார்த்தாராம். பிறகு, இனித் தினமும் இதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றாராம்.

"அப்ப சம்பளம்?" என்றாள் கஜாலினி.

"அதே சம்பளம்தான்."

"மூண்டு ஆள் வேலைக்கோ?"

அப்பா சீப்பைத் துடைத்துக் கிட்டார் பையில் வைத்தார்.

மறுநாள் மாலை, தலையை விரித்தபடி அம்மா வீடு முழுவதும் தேடினார்.

"என்ர சீப்பு எங்க, கஜாலினி?"

"அது டியூட்டிக்குப் போயிட்டுது, அம்மா."