மூடியில் இரண்டு தட்டு

அவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தபோது வெளியே நல்ல மழை. உள்ளே தலைவலித் தைலத்தின் வாடை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ரோபோ கை தலை கவிழ்ந்து நின்றது.

"யாரோ வெளியிலேர்ந்து புகுந்து இதை ஓட்டுறாங்கம்மா," என்றார் மேலாளர். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அதற்குத்தான் நெட்வொர்க் இன்ஜினியரான அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்டவர்கள் நுழையாமல், சாவி உள்ளவர் மட்டும் வெளியிலிருந்து வரும்படி ஒரு ரகசியப் பாதை, அதாவது வி.பி.என்., போட வேண்டும். அது சரியாக அமைந்தால் இந்த ரோபோக்களை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. நாலு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மனசு கிடந்து அடித்துக்கொள்ள வேண்டாம்.

கை சட்டென்று நிமிர்ந்தது. ஒரு சீசாவின் மூடியில் டொக், டொக் என்று தட்டியது. பிறகுதான் எடுத்தது.

"எதுக்கு சார் தட்டுது?"

"பழைய டெக்னீஷியனோட பழக்கம். தட்டாம எதையும் எடுக்கமாட்டாரு. இதுக்கும் அப்படியே பழக்கிவிட்டாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

மேலாளர் கூண்டுக்கு முன்னால் தரையைக் காட்டினார்.

"இதே இடத்துலதான் மாரடைச்சு விழுந்தாரு. அவரு போனதும் அந்தத் தட்டுறதை புரோகிராம்லேர்ந்தே நாங்க அழிச்சிட்டோம்மா."

நன்றாகக் கதை விடுகிறார் என்று நினைத்தாள். திருட்டுத்தனமாக ஓட்டுவது இவரேதான்; பழி செத்தவர் தலையில். ஓரக்கண்ணால் அவரைக் கவனித்தபடியே பழைய வழிகளையெல்லாம் அடைத்தாள். பாதையைச் சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு நெட்வொர்க்கோடு இணைத்து, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு பக்கமும் திறந்துவிட்டாள். முடிந்ததும் வீட்டுப் பக்கத்தைச் சாத்த வேண்டும். சாவியை அவர் கண்ணில் படாமல் எடுத்துப் போகும் மும்முரத்தில் அது மறந்தே போயிற்று.

சாயங்காலம், மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப் கேமராவில் கை அசையாமல் நின்றது. ஆளை மடக்கியாயிற்று என்று அவளுக்குக் குஷி.

மேலாளர் போன் செய்தார்.

"என்னம்மா மாயம் பண்ணீங்க? நீங்க கிளம்பினதுலேர்ந்து கை அசையவே இல்ல. அந்த டெக்னீஷியன் தேய்ச்சுக்கிற தைல வாடைகூட போயிடுச்சு."

குரலில் அத்தனை நிம்மதி. அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் பட்டது.

வீட்டுக்குள் தைல வாடை அடித்தது.

சாத்தாமல் விட்ட பக்கம் நினைவுக்கு வந்தது. இணைப்பைத் துண்டித்தாள். ரௌட்டரையும் பிடுங்கிப் போட்டாள்.

வாடை குறையவில்லை.

வந்தவர் திரும்பிப் போக இருந்த ஒரே வழியையும் அடைத்துவிட்டோம் என்று உறைத்தது. உள்ளறைக்கு ஓடினாள். மகள் இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, என் தலையில யாரு தட்டினது?"

"எத்தனை தடவைடி செல்லம்?"

"ரெண்டு."