துலக்கிய பால்

தாய்ப்பாலைச் சுத்தம் செய்யும் பால்துலக்கி அலறியதும் குறைமாதக் குழந்தைகள் வார்டே திரும்பிப் பார்த்தது. பதினோரு வருடமாக அந்தச் சத்தத்தை அங்கே யாரும் கேட்டதில்லை. கருவிக்குத்தான் ஏதோ கோளாறு என்று நர்ஸ் ஜெபக்கனி அதன் முதுகில் ரெண்டு தட்டு தட்டினாள். அது நிற்கவில்லை.

பாலில் வைரஸ் இருந்தது. ஒருகாலத்தில் முக்கால்வாசி அம்மாக்களின் உடம்பில் சும்மா குடியிருந்த வைரஸ். பால் இசக்கிவடிவுடையது. அவள் மகள் இருபத்தெட்டு வாரத்தில் பிறந்து, தொள்ளாயிரம் கிராம் எடையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா டாக்டர்?"

"ஆகாதும்மா. வைரஸைப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் இது பாலைக் கொடுக்கும்," என்றாள் டாக்டர் ரெஜினா. பாடத்தில் படித்த வைரஸை இப்போதுதான் கருவியின் திரையில் பார்க்கிறாள். கண்ணை எடுக்க மனம் வரவில்லை. "கைக்குழந்தையில நீ துலக்கின பால் குடிக்கலையா?"

"எங்கம்மா அந்தக் கருவியில மோர்தான் கடைஞ்சா."

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பொறாமையும். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்காக வந்த கருவி அது. நம் ஆட்கள் விடுவார்களா? கொழுகொழுவென்று பிறந்த குழந்தைக்கும் துலக்கிய பால்தான் என்று வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். பிறகு எல்லாக் குழந்தைக்கும் அதுதான் என்று சட்டமே வந்துவிட்டது. திடமான குழந்தைக்குத் தாய்ப்பாலோடு அந்த வைரஸ் போனால் கெடுதல் இல்லை. உடம்பு அதைப் பழகிக்கொள்ளும். பழகாமல் வளர்ந்த பெண்களுக்குக் கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றியபோது, அது கருவைத் தாக்கியது. ரெஜினாவின் அக்கா மகனுக்கு அதனால்தான் காது கேட்காது.

சுத்தமான பால் குழாய் வழியாகக் குழந்தைக்குப் போனது. பிரித்தெடுத்த வைரஸ் ஒரு சின்னப் புட்டியில் தேங்கியது. எரிக்க எடுத்த ஜெபக்கனியிடமிருந்து ரெஜினா அதை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

"எரிக்கலையா டாக்டர்?" இசக்கிவடிவு பார்த்துவிட்டாள்.

ரெஜினாவுக்கு வெட்கமாகப் போயிற்று. "எனக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. இப்பவே தொத்திக்கிட்டா ரெண்டு நாள் காய்ச்சலோட போயிரும். அப்புறம் பயமில்லாம பிள்ளை பெத்துக்கலாம். உன்னைக் கேட்டிருக்கணும்."

இசக்கிவடிவு கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"எடுத்துக்கோங்க டாக்டர். ஆனா பாதியைப் பத்திரமா வச்சிருங்க. இவளுக்குக் கல்யாணம் ஆகும்போது கொடுத்தனுப்பணும்லா."